நான்கு ஞாயிறு, பதினொரு சாவு

என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்த அந்த ஒரு மாதத்தில் நான் பதினொரு தடவை செத்தேன். இரண்டு தடவை தண்ணீரில் மூழ்கி, ஒரு தடவை யானை மிதித்து, ஒரு தடவை மாப்பிள்ளையின் அம்மாவே என்னைக் கொள்ளைக்காரர்களிடம் விற்றுவிட்டதால். மிச்சத்தை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. செத்ததெல்லாம் போனுக்குள்ளேதான். ஆத்திரம் மட்டும் வெளியே வந்தது, எங்கள் லைன் வீடுகள் முழுக்கக் கேட்டது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வேறு மாதிரி சொல்லிவிடுவார்கள். ராபர்ட்சன்பேட்டையில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். கழுத்து எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று வருகிறவர்கள் சொல்வார்கள். எவ்வளவு இறக்கினால் நன்றாக இருக்குமோ அவ்வளவுதான் நான் இறக்குவேன். திட்டிக்கொண்டே வாங்கிப் போவார்கள், அடுத்த தீபாவளிக்குத் துணியை எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். அதனால் நான் சொல்வதுதான் சரி என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. நினைப்பு என்ன, உண்மையும் அதுதான் என்று அப்போது இருந்தேன்.

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது தங்கைக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு இருபத்துமூன்று, கல்யாணமாகி சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில்தான் அடுத்த லைனில் இருந்தேன். அவளைக் கூட்டிவந்து என் வீட்டில் வைத்துக்கொண்டேன். எந்தப் பள்ளிக்கூடம், எந்த காலேஜ், ஒற்றை ஜடையா இரட்டை ஜடையா, எல்லாவற்றையும் நான்தான் முடிவு செய்தேன். எனக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் தங்கை மேல் இவ்வளவு பாசம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பிடிக்காது. நாலு பிள்ளை இருந்திருந்தாலும் அவள் விஷயத்தில் நான் இப்படித்தான் இருந்திருப்பேன்.

இப்போது அவளுக்கு முப்பத்துமூன்று. விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள், இருட்டிய பிறகு திரும்பி வருகிறாள். ஓசூரில் ஒரு இடம், வேலூரில் ஒரு இடம், மெட்ராஸில் ஒரு இடம் என்று வரன் வந்தபடி இருந்தது. எல்லாவற்றையும் வேண்டாம் என்றாள். நானும் வெளியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, உள்ளே நிம்மதியாக மூச்சு விட்டேன். ஓசூருக்குப் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

அப்போதுதான் ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு இடம் வந்தது. எங்கள் ஊரில் இரண்டு வகைத் தமிழர்கள். வடஆற்காட்டிலிருந்து இங்கே தங்க மைன்ஸ் வேலைக்கு வந்தவர்களின் வம்சம் நாங்கள். கனரக இயந்திர ஃபேக்டரியில் படித்த வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். ஊர் ஒன்று, கோயில் திருவிழா ஒன்று, ஆனால் பெண் கொடுத்து எடுப்பது அபூர்வம். மாப்பிள்ளை ஃபேக்டரியிலேயே வேலை, அப்பா இல்லை, அம்மாவும் பிள்ளையும் மட்டும். எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்தே நிமிஷம். அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பை ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். இந்த இடம் மட்டும் முடிந்தால் தங்கை கடைசிவரைக்கும் என் கண்ணெதிரிலேயே இருப்பாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பையன் நல்லவனா, குடிப்பானா என்று விசாரிக்கும்படி என் வீட்டுக்காரர்தான் எனக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது. விசாரித்தோம். குடிக்க மாட்டார், அதிகம் பேசவும் மாட்டார் என்றார்கள். தங்கமான பையன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் தனியாகப் பேசட்டுமே என்று யாரோ சொன்னார்கள். என் தங்கை பளிச்சென்று சொல்லிவிட்டாள்: பேச வேண்டாம், பேசினால் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள், சமைப்பீங்களா, என்ன பிடிக்கும், கோயிலுக்குப் போவீங்களா என்று. ரயிலில் வரும் சிநேகிதிகளோடு தான் போனில் ஒரு விளையாட்டு ஆடுவதாகவும், நான்கு ஞாயிற்றுக்கிழமை இவரும் தன்னோடு ஆடட்டும், அதற்கப்புறம் பதில் சொல்கிறேன் என்றும் சொன்னாள். எனக்குத் தலை சுற்றியது. பத்து நிமிஷத் தூரத்து மாப்பிள்ளையைப் போன் விளையாட்டில் பணயமாக வைத்துச் சூதாடுகிறாளே என்று பல்லைக் கடித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா அமைதியாகக் காபி டம்ளரைக் கீழே வைத்தார். எத்தனை பேர் ஆடலாம் என்று கேட்டார். நாலு பேர் என்றாள் தங்கை. கல்யாணம் நிச்சயமாகாத இரண்டு பேரைத் தனியாக ஆடவிட முடியாது, அதனால் தானும் வருவேன், பெண் வீட்டிலிருந்தும் ஒருவர் வர வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தைக் கடவுள் வந்தாலும் விட மாட்டார். அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஒரு வாரம் எங்கள் வீடு, ஒரு வாரம் அவர்கள் வீடு என்று பேச்சு.

விளையாட்டு எனக்குப் புரிந்தவரை இதுதான். நான்கு பேரும் அவரவர் போனை எடுத்துக்கொள்ள வேண்டும். போன் நான்கு பேருக்கும் ஒவ்வொரு வேஷம் கொடுக்கும். ராணி, திருடன், வைத்தியர், கழுதை, எது வரும் என்று சொல்ல முடியாது. பிறகு கதை வரும், ஒரு பக்கம் ஒரு பக்கமாக. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், இப்போது என்ன செய்யலாம் என்று நாலு வழி கேட்கும். ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் ஒன்றை அமுக்க வேண்டும். அதிகம் பேர் அமுக்கிய வழியில் கதை போகும். நாலு பேரும் நாலு விதமாக அமுக்கினால் போனே சீட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்கும். தப்பான வழியில் போனால் எல்லாரும் சாக வேண்டியதுதான். எந்தக் கதையும் இரண்டாம் தடவை அதே மாதிரி வராது. கதை இங்கிலீஷில் வரும். மாப்பிள்ளையின் அம்மா ஓய்வுபெற்ற டீச்சர், அதனால் அவர்தான் டிக்டேஷன் கொடுப்பது மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார். எனக்குப் புரியாததைத் தங்கை தமிழில் சொன்னாள்.

முதல் ஞாயிறு எங்கள் வீட்டில். எங்கள் வீட்டில் வாசற்படிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் நான்கு பேரும் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். காற்று வேறு அன்றைக்கு தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைட் மேட்டு மண்ணின் புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. எனக்குத் தளபதி வேஷம். போனுக்கே ஆள் யாரென்று தெரிந்திருக்கிறது. தங்கைக்கு வைத்தியர், மாப்பிள்ளைக்குக் கழுதை, அவர் அம்மாவுக்குத் திருடி. ஒரு இளவரசனைக் காடு தாண்டிக் கொண்டுபோய் விட வேண்டும். நடுவில் கொள்ளைக்காரர்கள் மறித்தார்கள். சண்டை போடுவோம் என்று நான் அமுக்கினேன். மற்றவர்கள் ஆளுக்கொன்று அமுக்கியிருப்பார்கள் போல, போன் சீட்டுக் குலுக்கியது. தளபதியைக் கொள்ளைக்காரர்களுக்கு விற்றுவிட்டு வழி வாங்குவது என்று வந்தது.

யார் இதை அமுக்கியது என்று நான் தங்கையை முறைத்தேன். நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, ரவா லட்டை ஒரு கடி கடித்துவிட்டு, தான்தான் என்றார். திருடி என்றால் திருடி மாதிரிதானே நடந்துகொள்ள வேண்டும் என்று என்னிடமே நியாயம் கேட்டார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் சொல்லிக் கொடுத்த அலுப்போ என்னவோ, அந்த அம்மா நாலு வாரமும் போனுக்குள் செய்யாத அக்கிரமம் இல்லை. பாலத்தை எரித்தார். ஜோசியரை ஏமாற்றினார். தூங்குகிற அரக்கனின் மூக்கில் மிளகாய்ப் பொடி போட்டார்.

இரண்டாம் ஞாயிறு குவார்ட்டர்ஸில். மறுபடியும் அதே காட்டில் கதை ஆரம்பித்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வழி எனக்குத் தெரியும், இடது பக்கம் போனால் கிணறு, எல்லாரும் இடது பக்கம் அமுக்குங்கள் என்றேன். போன வாரம் கிணறு இருந்த இடத்தில் இந்த வாரம் புலி இருந்தது. அப்போதும் நான் விடவில்லை. தப்பு புலி மேல்தானே தவிர என் மேல் இல்லை. அடுத்த கதையிலும் இப்படிப் போகலாம், அப்படிப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்ப்பார், பிறகு அமுக்குவார். எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை என்று நான் பூரித்துப்போனேன். வீட்டுக்குத் திரும்பும்போது தங்கையிடம், மாப்பிள்ளை சொக்கத்தங்கம் என்றேன். இன்னும் மாப்பிள்ளை ஆகவில்லை, அப்படிக் கூப்பிடாதே என்றாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தவளின் முகம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் ஞாயிறு மறுபடி எங்கள் வீடு. அன்றைக்குத்தான் வினை வந்தது. கதை ஒரு பழைய தங்கச் சுரங்கத்தில் ஆரம்பித்தது. கீழே ஒரு விளக்கு இருக்கிறது, இறங்கிப் போய் எடுத்துவர வேண்டும். மேலே ஆள் இறக்கும் இரும்புக் கூண்டு, கேஜ், நிற்கிறது, பக்கத்தில் ஒரு மணி தொங்குகிறது. மாப்பிள்ளையின் அம்மா படித்து முடிப்பதற்குள் எனக்குக் கை கால் எல்லாம் பரபரத்தது. என் அப்பா வேலை பார்த்ததே ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாசலில்தான். ஆட்களைக் கேஜில் ஏற்றிவிட்டு மணி அடிக்கிற வேலை. மணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் இஞ்சின் ஓட்டுகிறவர் கேஜை இறக்குவார். ஆள் போகிற கேஜ் என்றால் மூன்று தடவை மணி. சின்ன வயதில் நாங்கள் சாப்பாட்டுத் தட்டில் டங் டங் என்று தட்டினால்கூட அப்பாவுக்குக் கோபம் வரும். மணி விளையாட்டுச் சாமானில்லை, அதில் ஆள் உயிர் இருக்கிறது என்பார்.

பக்கத்தின் அடியில் நாலு வழி. மணி அடித்துவிட்டுக் கேஜில் இறங்குவது, மணி அடிக்காமல் இறங்குவது, ஏணியில் இறங்குவது, திரும்பிப் போவது. நான் போனைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் வேலையைச் சொல்லி ஒரு பிரசங்கமே செய்தேன். மணி அடிக்காமல் எந்தக் கேஜும் நகராது, நகர்ந்தாலும் அது கொலைக்குச் சமம், மூன்று மணி அடித்தே ஆக வேண்டும், இந்த ஊரில் பிறந்தவர்கள் வேறு எதையும் அமுக்கக் கூடாது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்து அமுக்கினார். அவர் அம்மாவும் எதற்கோ கட்டுப்பட்டவர் மாதிரி அமுக்கினார். மணி மூன்று தடவை அடித்தது. கீழே நூறு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த பூதம் ஒன்று அந்தச் சத்தத்தில் எழுந்து, கேஜின் கயிற்றைக் கடித்துத் துப்பியது. மூன்றாம் பக்கத்திலேயே எல்லாரும் செத்தோம்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தூங்கிக்கொண்டிருந்ததை மூன்று தடவை மணி அடித்து எழுப்பிவிட்டோமே என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. இதை எழுதினவன் ஒரு நாளாவது கேஜில் ஏறியிருப்பானா, ஒரு ஷிஃப்ட் பார்த்திருப்பானா என்று போனைப் பார்த்துக் கத்தினேன். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. கதைதானேம்மா, விடுங்க என்றார் மாப்பிள்ளையின் அம்மா, ரொம்ப மென்மையாக. அந்த மென்மைதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"குழாயத் தொறந்தா தண்ணி கொட்ற குவார்ட்டர்ஸ்ல கீறவங்களுக்கு இதெல்லாம் கதையாத்தாங்க இருக்கும்" என்றேன்.

சொன்ன நொடியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொல் வெளியே போய்விட்டது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். பத்து நிமிஷத் தூரத்தை நானே ஒரு வாக்கியத்தில் பத்து மைல் ஆக்கிவிட்டேன் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

தங்கை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் போனை என் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு கதையும் முடிந்தவுடன் யார் எந்த இடத்தில் எதை அமுக்கினார்கள் என்று ஒரு பட்டியல் வருமாம். நானும் மாப்பிள்ளையின் அம்மாவும் அடுத்த கதைக்குப் போகிற அவசரத்தில் அதைப் பார்த்ததே இல்லை. இவள் மட்டும் ஒவ்வொரு வாரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்று வாரத்துப் பட்டியலையும் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். முதல் கதையில் மட்டும் அந்தப் பிள்ளை என்னென்னவோ அமுக்கியிருந்தார். அதற்கப்புறம் நான் எதை அமுக்கினேனோ அதையேதான் அமுக்கியிருந்தார். புலியிருந்த பக்கத்தைக்கூட. கடைசியில் சுரங்கக் கதை. மூன்று பேர் மணி. ஒருத்தி மட்டும் ஏணி.

"நீயா ஏணி? ஏண்டி வாயத் தொறந்து சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா வுட்டிருப்பியா?" என்றாள். பிறகு கோபமே இல்லாமல், கணக்கு விளக்குகிற மாதிரி சொன்னாள்: "அவரு உன் மூஞ்சியப் பாத்துதான்க்கா அமுக்கறாரு. இருவது வருசமா நான் அத்தத்தான் பண்ணிகினு கீறேன். ஒரே வூட்ல அதுக்கு ரெண்டு பேரு இன்னாத்துக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லக் கூடாது, முதலில் கோபம்தான் வந்தது. வளர்த்தது நான், படிக்க வைத்தது நான், அப்புறம் யார் முகத்தைப் பார்ப்பாளாம் என்று வாய்வரை வந்தது. வந்ததை அப்படியே விழுங்கினேன். கடைசி ஞாயிறும் இப்படியே போனால் வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். நல்லவர்தான், ஆனால் நல்லவர் என்பது மட்டும் போதாது என்றாள்.

அந்த வாரம் கடையில் நான் பயிற்சி எடுத்துக்கொண்டேன். ஒரு பெண் வந்து ஜாக்கெட்டுக்கு முதுகில் பெரிய ஜன்னல், கையில் மூன்று அடுக்கு, ஓரத்தில் மணி தொங்க வேண்டும் என்றாள். என் கை தானாக வேண்டாம் என்று ஆடப்போனது. சரி என்றேன். அப்படியே தைத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. அவள் கண்ணாடி முன்னால் நின்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்து, அக்கா, இப்படி ஒரு ஜாக்கெட் எனக்கு யாருமே தைத்துத் தந்ததில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் தைத்துத் தராததற்குக் காரணம் உண்டு என்று சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வியாழக்கிழமை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்தேன். மன்னிப்பை மூன்று விதமாகப் பேசிப் பார்த்து வைத்திருந்தேன். அவர் எடுத்தவுடனே, அந்தச் சுரங்கக் கதையை யாரோ முகம் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து மறுபடி ஆடிப் பார்த்தேன் என்றார். இந்தத் தடவை மணி அடித்தவுடன் ஒரு கதவு திறந்துகொண்டதாம். பூதமே கிடையாதாம். அதனால் உங்கள் அப்பா அடித்தது சரிதான், நாம் செத்ததும் சரிதான் என்றார். நான் மன்னிப்பை ஆரம்பித்தேன். குவார்ட்டர்ஸ் குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை, அதுவே உங்களுக்குப் போதுமான பதில் இல்லையா என்று சிரித்தார். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நான்காம் ஞாயிறு குவார்ட்டர்ஸ். போகும்போதே ஒரு முடிவோடு போனேன். வாயை மூடிக்கொண்டால் போதாது, என் முகமே பேசும். அதனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். எதிரே ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. மாப்பிள்ளையின் அம்மா கழுத்து வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வெள்ளம் போகிற ஆறு, கரையில் ஓட்டைப் படகு. எப்படிக் கடப்பது என்று கேட்டது. நான் ஒன்றை அமுக்கிவிட்டுக் காலண்டரைப் பார்த்தேன். பின்னால் சத்தமே இல்லை. மாப்பிள்ளை தயங்குகிறார் என்று பார்க்காமலே தெரிந்தது. கடைசியில், அக்கா நீங்க என்ன நினைக்கிறீங்க என்று கேட்டார். நான் காலண்டரில் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என்னைக் கேட்காதீர்கள் என்றேன். என் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வியர்த்திருக்கும். இப்போது அமுக்கப் போகிறாயா இல்லையா என்று அவர் அம்மா அதட்டினார். அமுக்கினார். நாலு பேரும் நாலு விதம். சீட்டில் அவருடையது விழுந்தது: நீந்திக் கடப்பது. ஆற்றில் முதலை. எல்லாரும் செத்தோம். அது என்னுடைய பதினோராவது சாவு.

பிறகு நான் அதுவரைக்கும் கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். தன்னால்தான் எல்லாரும் செத்தோம் என்று, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய மாதிரிச் சொல்லிக்கொண்டார். இன்னொரு கதை ஆடலாம் என்றும் அவரே கேட்டார்.

அந்த இன்னொரு கதையில் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். வழியில் வந்த கிழட்டு ராஜாவை வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம் என்றாள் தங்கை. கூடாது, அந்த ராஜா பொய் சொல்கிறான், அவன் செருப்பில் சேறு இல்லை என்றார் அவர். நானே அந்தச் செருப்பைக் கவனிக்கவில்லை. இவள் விடவில்லை. அவரும் விடவில்லை. எனக்கு இரண்டு பேருமே தப்பென்று பட்டது. சரியான வழி என் தொண்டையில் வந்து நின்றது. காலண்டரில் அந்த மாதத்து அமாவாசை, பிரதோஷம், கிருத்திகை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் யாருக்கும் சேராமல் ராஜாவின் கிரீடத்தைத் திருடிக்கொண்டிருந்தார். எப்படியோ உருண்டு புரண்டு, அந்த மாதத்திலேயே முதல் தடவையாக, யாரும் சாகாமல் கதையின் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தோம்.

நான் நாற்காலியைத் திருப்பினேன். தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. முடிந்தது, இடம் அமைந்துவிட்டது, பத்தே நிமிஷம் என்று என் மனசு துள்ளியது. அப்போது மாப்பிள்ளை போனைக் கீழே வைத்துவிட்டு, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றார்.

பெங்களூர் பிரிவுக்கு மாறுதல் கேட்டுப் போன மாதமே எழுதிக் கொடுத்துவிட்டாராம். கிடைத்துவிடுமாம். கல்யாணத்துக்கு அப்புறமும் தங்கை விடியற்காலையில் ரயில் ஏறி இருட்டில் வந்து இறங்குவதைத் தன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அங்கேயே வீடு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். சொல்லப் பயந்துகொண்டே மூன்று வாரம் ஓட்டிவிட்டாராம். இதைத் தங்கையைப் பார்த்துச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

தங்கை அவரையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு அந்த ரயில் அலுத்துப்போயிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. நாலு மணிக்கு எழுப்பி டிபன் டப்பா கட்டிக் கொடுத்தேனே தவிர, கேட்டதில்லை. நான் எழுந்து நேராகச் சமையலறைக்குள் போய்விட்டேன். அது அவர்கள் வீட்டுச் சமையலறை என்பதுகூட எனக்கு நினைவில்லை.

பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மா வந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. அவருக்கும் அப்போதுதான் தெரியுமாம். "வாயைத் திறக்க மாட்டேங்கிறானேன்னு முப்பத்தஞ்சு வருஷமா கவலைப்பட்டேன். திறந்தான் பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே அழுதோம் என்று எழுதினால் சினிமா மாதிரி இருக்கும். முதலில் சிரித்தோம், அப்புறம் அழுதோம். கொஞ்சம் சத்தமாகவே.

தங்கை வந்து வாசற்படியில் நின்றாள்.

"அக்கா, நீ இன்னா சொல்ற?" என்று கேட்டாள்.

இருபது வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் ஒரு நொடிகூட யோசித்ததில்லை. கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். ரொம்ப சந்தோஷம், போய்ட்டு வாங்க என்று சொல்லலாம், அது பொய். இங்கேயே இரு என்று சொன்னால் இருந்துவிடுவாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்குப் போவாதன்னுதான் தோணுது" என்றேன். "அதுக்காக நீ நின்னுடாத."

அவள் கிட்டே வந்து தன் துப்பட்டாவால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். சின்ன வயதில் நான் அவளுக்குத் துடைத்த மாதிரியே, கன்னம் வலிக்க. திரும்பி முன்னறைக்குப் போனாள். அங்கே ஏதோ சொன்னாள், மெதுவாக. எனக்குக் காது அடைத்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கதவோரம் நின்று கேட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரின்னுட்டா" என்றார்.